பிற்பகல் மூன்று மணி மாத்திரை

விளாத்திகுளம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் எமது இதயநோய்ப் புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். வயது 66. மானாவாரிக் கரிசலில் பருத்தியும் உளுந்தும் விளைவித்தே காலம் கழித்தவர். இதய இரத்தக் குழாயில் அடைப்பு இருப்பது ஓராண்டுக்கு முன் கண்டறியப்பட்டு, மருந்துகளால் நன்றாகவே இருந்தார். ஆனால் கடந்த இரண்டு மாதங்களாக, கண்மாய்க் கரை வரை நடப்பதற்குள்ளேயே நெஞ்சில் பாரம் ஏறிவிடுவதாகச் சொன்னார். மாத்திரைகளை இடையில் நிறுத்தினீர்களா என்று கேட்டபோது அவருக்குச் சற்றுக் கோபமே வந்தது. "ஒரு வேளைகூட விடல ஐயா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, தப்பாமப் போடுதேன்" என்றார். உடன் வந்திருந்த அவர் மனைவி மஞ்சள் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையின்மேல் பரப்பினார். எண்ணிப் பார்த்தோம். ஒரு மாத்திரைகூடக் கணக்கில் குறையவில்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. அவர் தவறாமல் போட்டது சரி. இரவில் போட்டது தவறு. ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் என்னும் அந்த 20 மில்லிகிராம் மாத்திரையைக் காலை 8 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் உட்கொள்ளுமாறு சீட்டில் எழுதப்பட்டிருந்தது. மூன்று மணிக்கென்று ஒரு மாத்திரையைத் தனியே நினைவில் வைத்திருப்பது தொல்லையாக இருக்கவே, இரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை ஆகியவற்றுடன் சேர்த்து இரவு உணவுக்குப் பின் என்று அவரே மாற்றிக்கொண்டார். பெரும்பாலான மருந்துகளுக்குக் காலை ஒன்று, இரவு ஒன்று என்பது பொருந்தும். நைட்ரேட் மருந்துக்கு அது பொருந்தாது. நாள் முழுவதும் உடலில் அது நிறைந்திருந்தால், அதன் வேலையே நின்றுபோகும்.

விந்தையாகத் தோன்றும் இச்செய்தியை நோயாளிகளுக்கு விளக்குவதற்குப் புறநோயாளர் பிரிவில் கிடைக்கும் நேரம் போதுவதில்லை. எனவேதான் இக்கட்டுரை.

வெடிமருந்து ஆலையிலிருந்து மருந்துப் பெட்டிக்கு

நைட்ரேட் என்ற சொல்லைக் கேட்டதும் நம் பகுதி மக்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சிவகாசிதான். பட்டாசில் சேரும் வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட் ஆகும். உழவர்களுக்கோ உர மூட்டை நினைவுக்கு வரும். "வெடிக்கிற மருந்தையா நெஞ்சுக்குத் தருகிறீர்கள்?" என்று தீப்பெட்டி ஆலையில் பணிபுரியும் ஒரு தாயார் ஒருமுறை கேட்டார். சிரித்துக் கடந்துவிடக்கூடிய கேள்வியன்று அது. வெடியுப்பும் உரமும் இம்மருந்தாகமாட்டா. அவை வேறு, இது வேறு. ஆயினும் இம்மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளையான நைட்ரோகிளிசரின் மெய்யாகவே ஒரு வெடிபொருள்தான். நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் உள்ள கார்டைட் தொழிற்சாலையின் பெயரிலேயே அந்தத் தொடர்பு இருக்கிறது. கார்டைட் என்பது நைட்ரோகிளிசரினையும், பஞ்சை அமிலத்தில் தோய்த்துச் செய்யும் வெடிபஞ்சையும் கலந்து உருவாக்கப்படும் உந்துமருந்து. மாத்திரையில் உள்ள அளவோ மிகச் சிறியது; வேறு பொருள்களுடன் நன்கு கலந்து வைக்கப்பட்டிருப்பது. அது வெடிக்காது. அச்சம் வேண்டா.

இத்தாலி நாட்டின் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்னும் வேதியியலாளர் 1847இல் நைட்ரோகிளிசரினை முதன்முதலில் உருவாக்கினார். ஒரு துளியை நாவில் வைத்துப் பார்த்தவருக்குக் கடுமையான தலைவலி வந்தது. ஆல்பிரட் நோபல் அதைக்கொண்டு டைனமைட் செய்தார். இலண்டன் மருத்துவர் வில்லியம் மரல், அதை மிகச் சிறிய அளவில் நெஞ்சுவலி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டு 1879இல் எழுதினார். முதுமையில் இதயநோயால் துன்புற்ற நோபலுக்கே மருத்துவர்கள் இதைப் பரிந்துரைத்தனர் என்பதும், அந்த முரண்பாட்டை அவரே தம் நண்பர் ஒருவருக்கு எழுதினார் என்பதும் வரலாறு.

நமக்கு இங்கு முதன்மையானது, டைனமைட் ஆலைத் தொழிலாளர்களின் பட்டறிவு. நைட்ரோகிளிசரின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் செல்லும். ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தவர்களுக்குத் தலை பிளப்பதுபோல் வலித்தது. செவ்வாய், புதன் என நாள்கள் செல்லச் செல்ல வலி மறைந்தது. உடல் அம்மருந்துக்குப் பழகிவிட்டது. மறு ஞாயிறு விடுமுறையில் அந்தப் பழக்கம் கலைந்து, திங்களன்று மீண்டும் தலைவலி வந்தது. இதனைத் தவிர்க்கச் சிலர் தொப்பியின் உட்பட்டையில் சிறிது நைட்ரோகிளிசரினைத் தடவிக்கொண்டு வீட்டிற்குச் சென்றனராம்.

இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஆண்டுக்கணக்கில் நைட்ரேட்டில் ஊறிய தொழிலாளர் சிலருக்கு, விடுமுறை நாளில் அது திடீரென நின்றபோது நெஞ்சுவலி வந்தது. சிலர் இறந்தும் போயினர். இதய இரத்தக் குழாயில் கொழுப்பு அடைப்பே இல்லாதவர்களுக்கும் இவ்வாறு நேர்ந்ததை அமெரிக்க மருத்துவர்கள் 1972இல் பதிவுசெய்தனர்.

இன்று நாங்கள் உங்களிடம் வலியுறுத்தும் இரண்டு செய்திகளும் அந்த ஆலைத் தொழிலாளர்களின் உடம்பில் முன்பே எழுதப்பட்டுவிட்டன. ஒன்று, இடைவெளியின்றி நைட்ரேட் உடலில் இருந்தால் அதன் ஆற்றல் குன்றும். மற்றொன்று, நெடுநாள் உட்கொண்டவர் அதைத் திடீரென நிறுத்தினால் வலி முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம்.

மருந்து என்ன செய்கிறது?

இதயத் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதனைக் கொண்டுசெல்லும் குழாய்களில் கொழுப்புப் படிந்து குறுகினால், உட்கார்ந்திருக்கும்போது போதுமான இரத்தம், நடக்கும்போதும் சுமை தூக்கும்போதும் போதாமற்போகிறது. அப்போது நெஞ்சின் நடுவே பாரம், இறுக்கம், எரிச்சல் தோன்றும். இடது கை, தாடை, முதுகு, மேல்வயிறு ஆகிய இடங்களுக்கும் பரவலாம். சற்று நின்றால் சில நிமிடங்களில் அடங்கும். இதுவே ஆஞ்சைனா. நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாகவோ வியர்வையாகவோ வருவதும் உண்டு.

நைட்ரேட் மருந்து உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவாக மாறி இரத்தக் குழாய்களின் சுவரைத் தளர்த்துகிறது. இந்த நைட்ரிக் ஆக்சைடை நம் இரத்தக் குழாய்களே இயல்பாகச் சுரந்துகொள்கின்றன என்பதைக் கண்டறிந்த பர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பெயரால் அமைந்த பரிசு நோபலின் வெடிமருந்துக்கே ஒருவகையில் திரும்பி வந்தது.

தளர்வு முதன்மையாகச் சிரைகளில் நிகழ்கிறது. கண்மாய் அகன்று ஆழப்பட்டால் நீர் அதிலேயே தங்கி, மடையை முட்டும் நீரின் அழுத்தம் குறைவதுபோல, சிரைகள் விரிந்ததும் இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தின் அளவு குறைகிறது. இதயம் இறைக்க வேண்டிய சுமை குறைவதால் அதன் தேவையும் குறைந்து வலி தணிகிறது. இதய இரத்தக் குழாய்களும் ஓரளவு விரிகின்றன. ஆனால் அடைப்பு கரைவதில்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டுள்ளனர். வலி நின்றுவிட்டதே என்று ஆஸ்பிரினையும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையையும் கைவிட்டு, நைட்ரேட்டை மட்டும் வைத்துக்கொண்டவர்களை நாங்கள் அவ்வப்போது காண்கிறோம். மாரடைப்பைத் தடுப்பதில் பெரும்பங்கு அந்த மற்ற மாத்திரைகளுக்கே உரியது. நைட்ரேட் உங்கள் நடையையும் வேலையையும் வலியின்றிச் செய்ய உதவும் துணை.

விழுங்குவது ஒன்று, நாவின் கீழ் வைப்பது ஒன்று

நைட்ரேட் மருந்துகளில் இருவகை உண்டு. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் குழப்பம் எளிதில் நேர்கிறது. வலியை அன்றாடம் தடுப்பதற்காக விழுங்கும் மாத்திரைகள் முதல் வகை. ஐசோசார்பைடு மோனோநைட்ரேட்டும், மெல்லக் கரையும் நைட்ரோகிளிசரினும் இதில் அடங்கும். வந்த வலியை உடனே தணிப்பதற்காக நாவின் கீழ் வைப்பது இரண்டாம் வகை. நம் ஊர்களில் சார்பிட்ரேட் என்ற வணிகப் பெயரால் எல்லாரும் அறிந்த 5 மில்லிகிராம் ஐசோசார்பைடு டைநைட்ரேட் அத்தகையது. சிலருக்கு நாவின் கீழ் அடிக்கும் தெளிப்பு மருந்தும் தரப்படுகிறது. மெல்லக் கரையும் மாத்திரையை நாவின் கீழ் வைத்தால் அவசரத்துக்கு உதவாது. அதை உடைப்பதும் மெல்லுவதும் கூடாது. உங்கள் அட்டைகளில் எது எந்த வகை என்று மருந்தாளுநரிடம் கேட்டு, அட்டையின் பின்புறம் பேனாவால் "விழுங்க" என்றும் "நாக்குக்கு அடியில்" என்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுப்பவர் எவரும் இல்லை.

விழுங்கும் மாத்திரைக்குத்தான் அந்த மூன்று மணிக் கணக்கு. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 10 முதல் 14 மணி நேரம் உடல் நைட்ரேட் இன்றி ஓய்ந்திருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு உழைப்பு பகலில், உறக்கம் இரவில். ஆகவே ஓய்வை இரவில் வைக்கிறோம். சாதாரண மோனோநைட்ரேட் மாத்திரையானால் காலையில் எழுந்ததும் ஒன்று, அதிலிருந்து 7 மணி நேரம் கழித்து ஒன்று. மெல்லக் கரையும் மோனோநைட்ரேட் வகையானால் காலையில் ஒன்று மட்டும். தோலில் ஒட்டும் பட்டையானால் இரவில் எடுத்துவிட வேண்டும். மூன்று மணி மாத்திரையை மறந்துவிட்டீர்களா? மாலைக்குள் நினைவு வந்தால் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேளுங்கள். படுக்கப்போகும்போதுதான் நினைவு வந்ததெனில் விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் இரண்டாகச் சேர்த்துப் போடவேண்டா.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றன்று. நூற்பாலையில் இரவுப் பணி செய்பவருக்கு உழைப்பு இரவில். சிலருக்கு விடியற்காலையிலோ உறக்கத்திலோ வலி வருகிறது. அவர்களுக்கு நேரத்தை மாற்றியமைக்க வேண்டும். ஆனால் மாற்றுவது மருத்துவரின் வேலை. எந்தப் பணிநேரம், வாரத்துக்கு வாரம் அது மாறுமா என்பதைச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை. இதை நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.

வலி வரும் முன்பே

நாவின் கீழ் வைக்கும் மாத்திரையை வலி வந்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். எந்த வேலையில் உங்களுக்கு வலி வரும் என்பது உறுதியாகத் தெரிந்தால், மருத்துவரின் ஒப்புதலுடன் அவ்வேலைக்குச் சற்று முன்பே அதை வைத்துக்கொள்ளலாம். டைநைட்ரேட் மாத்திரையானால் ஏறத்தாழ 15 நிமிடம் முன்பு. நைட்ரோகிளிசரின் தெளிப்பானால் 5 முதல் 10 நிமிடம் முன்பு. கழுகுமலையில் வெட்டுவான் கோயிலையும் சமணச் சிற்பங்களையும் காணப் பாறையேறும் ஆசை உங்களுக்கு இருந்தால், மருத்துவரிடம் கேட்டு, அடிவாரத்தில் அமர்ந்து மாத்திரையை வைத்து, தலைசுற்றல் இல்லை என்று உறுதிசெய்து, துணையோடு மெல்ல ஏறுங்கள். ஆசையை விட்டுவிடச் சொல்வதைவிட இது மேல் என்பது என் கருத்து.

நம் பகுதிக்கே உரிய தூண்டல்கள் சில உண்டு. கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக்காற்றை எதிர்த்து நடப்பதும் மிதிவண்டி மிதிப்பதும் இதயத்துக்குப் பெருஞ்சுமை. வயிறு நிறைய உண்ட உடனே வெளியே கிளம்புவதும், குடங்களில் தண்ணீர் சுமப்பதும், புரட்டாசி விதைப்புக் காலத்தில் ஒரே நாளில் எல்லா வேலையையும் முடித்துவிடத் துடிப்பதும் அப்படியே. வலி எப்போதெல்லாம் வந்தது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எத்தனை மாத்திரை தேவைப்பட்டது என்பதைக் காலண்டர் தாளில் குறித்துவாருங்கள். வாரம் ஒருமுறை வந்த வலி அன்றாடம் வரத் தொடங்கினாலும், ஓய்வில் இருக்கும்போதே வந்தாலும், அடுத்த முறைக்குக் காத்திராமல் உடனே வாருங்கள்.

வலி வந்தால்

எந்த வேலையாயினும் நிறுத்திவிட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு மாத்திரை வைத்தவர்கள் மயங்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டது உண்டு. வெற்றிலை பாக்கு வாயில் இருந்தால் துப்பிக் கொப்பளியுங்கள். வாய் வறண்டிருந்தால் ஒரு மிடறு நீரால் நனைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத்திரையை நாவின் கீழ் வைத்துத் தானே கரைய விடுங்கள், விழுங்க வேண்டா.

5 நிமிடத்தில் வலி தணியவில்லையெனில், அல்லது கூடுகிறதெனில், 108ஐ அழையுங்கள். அழைத்த பிறகே இரண்டாம் மாத்திரை. இன்னும் 5 நிமிடம் கழித்தும் வலி நீடித்தால் மூன்றாவது. அதற்குமேல் கூடாது. கண் இருண்டுவந்தாலோ மயக்கம் வருவதுபோல் இருந்தாலோ அடுத்த மாத்திரையை வைக்காமல் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். நோயாளியை இருசக்கர வண்டியில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவருவது நம் ஊர்களில் இன்றும் நடக்கிறது. வழியில் இதயம் நின்றால் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை.

"வாயுப் பிடிப்புதான்" என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்து இரவைக் கழித்துவிட்டு விடிந்ததும் வருவோர் இன்றும் உள்ளனர். வாயுவாகவே இருந்தால் மிக நல்லது. அதை இதயத் துடிப்புப் பதிவு எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். உட்கிராமத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு வரும் நேரத்தையும் அதனுடன் கூட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டியுள்ளது. யாருக்கு நெஞ்சுவலி வந்தாலும் உடனே நாவின் கீழ் ஒரு சார்பிட்ரேட் வையுங்கள் என்னும் செய்தி அலைபேசிகளில் ஓயாமல் சுற்றிவருகிறது. நல்லெண்ணத்தில்தான் அனுப்புகின்றனர். ஆனால் அது அனைவருக்கும் பொருந்தாது. மாரடைப்பு இதயத்தின் வலப்பகுதியைத் தாக்கியிருந்தால், அல்லது இதயத்தின் வெளிவாயில் வால்வு மிகக் குறுகியிருந்தால், நைட்ரேட் இரத்த அழுத்தத்தைத் திடீரென வீழ்த்தி உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். வெளித்தோற்றத்தில் இதைக் கண்டறிய இயலாது. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்கீழ், மாரடைப்பு ஐயமுள்ளவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் 14 மாத்திரைகள் கொண்ட முதல் தவணை தரப்படுகிறது. அவை ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8. அதில் நைட்ரேட் சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அண்டை வீட்டுக்காரருக்கு வலி வந்தால் உங்கள் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். 108ஐ அழைத்துக் கொடுங்கள். அருகில் உள்ள சுகாதார நிலையத்தைக் காட்டுங்கள்.

சொல்லக் கூச்சப்படும் ஒன்று

ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாபில், தடலாபில் போன்ற மாத்திரைகள் நைட்ரேட்டுடன் சேர்ந்தால் இரத்த அழுத்தம் மீட்க முடியாத அளவுக்கு விழக்கூடும். அன்றாடம் நைட்ரேட் உட்கொள்பவர் அவற்றைத் தொடவே கூடாது. சில்டெனாபில் எடுத்தவர் 24 மணி நேரத்துக்கும், தடலாபில் எடுத்தவர் 48 மணி நேரத்துக்கும் எந்த நைட்ரேட்டையும் எடுக்கக் கூடாது. அந்நேரத்தில் நெஞ்சுவலி வந்தால் நாவின் கீழ் மாத்திரை வைக்காமல் 108ஐ அழைத்து, வந்தவரிடம் எடுத்த மாத்திரையைச் சொல்லிவிட வேண்டும். தடலாபில் சில வேளைகளில் புரோஸ்டேட் வீக்கத்துக்கும், சில்டெனாபில் நுரையீரல் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படுகின்றன. எனவே வேறு மருத்துவரிடம் சென்றாலும் நைட்ரேட் உட்கொள்வதைச் சொல்லுங்கள். பெயரட்டை இல்லாத லேகியங்களிலும் பொடிகளிலும் இம்மருந்து இரகசியமாகக் கலக்கப்படுவது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. நாங்கள் தனியே அழைத்து இதைக் கேட்டால் உங்களைக் குறைவாக எண்ணிக் கேட்பதாகக் கருதாதீர்கள். மனைவி அருகில் இருக்கும்போது "இல்லை" என்று சொல்லிவிட்டு, வாயிலருகே திரும்பிவந்து மெல்லச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் செய்ததே சரி.

மதுவும் இரத்த அழுத்தத்தை மேலும் தாழ்த்தும். அது குறித்து நீட்டவேண்டியதில்லை.

தலைவலியும் வெயிலும்

மாத்திரை தொடங்கிய முதல் நாள்களில் தலைவலி வரும். சொப்ரேரோவுக்கு வந்த அதே தலைவலிதான். மருந்து இரத்தக் குழாய்களை விரிக்கிறது என்பதன் அடையாளம் அது. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் குறைந்துவிடும். மருத்துவரிடம் கேட்டுப் பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். தாங்க முடியவில்லை என்றால் அளவைக் குறைத்துத் தரலாம். நீங்களாகவே நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. விடுமுறை நாளில் நெஞ்சுவலி கண்ட ஆலைத் தொழிலாளர்களை நினைவில் கொள்ளுங்கள்.

கரிசல் வெயில் இம்மருந்துக்கு எதிரி, இருவகையில் எதிரி. வியர்த்து நீர் வற்றிய உடலில் இரத்த அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். அதன்மேல் நைட்ரேட்டும் சேர்ந்தால் எழுந்து நின்றதும் தலை சுற்றும். சித்திரை, வைகாசியில் நண்பகலில் காட்டுக்குச் செல்வதைத் தவிருங்கள். எவ்வளவு நீர் அருந்தலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அளவு உண்டு. இரவில் எழும்போது கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் அமர்ந்திருந்து பிறகு எழுங்கள்.

இரண்டாவது, வெப்பம் மாத்திரையையும் கெடுக்கும். சட்டைப்பையில் வியர்வையோடு ஒட்டியும், வண்டிப் பெட்டிக்குள் வெயிலிலும், சுருக்குப்பையில் சுண்ணாம்பு டப்பாவோடும் கிடந்த மாத்திரையை நம்பாதீர்கள். அட்டையிலிருந்து பிரிக்காமல், சிறு டப்பாவில் இட்டு, வீட்டில் நிழலான இடத்தில் வையுங்கள். வெளியே செல்லும்போது கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். நைட்ரோகிளிசரின் மாத்திரை கண்ணாடிக் குப்பியில் வந்தால் அதே குப்பியில் மூடியை இறுக்கி வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கும் பஞ்சும் அம்மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். பருத்தி விளையும் ஊரில் பஞ்சு வைக்காதே என்று சொல்லவேண்டியிருக்கிறது. காலாவதி நாளை மாதம் ஒருமுறை பாருங்கள். அவசரத்துக்கு வைத்திருக்கும் மாத்திரை பெரும்பாலும் காலாவதியாகித்தான் கிடக்கும். அது நல்ல செய்தியும்கூட, ஏனெனில் தேவைப்படவில்லை.

வீட்டார் அறியவேண்டியது ஒன்றுண்டு. இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வாசலுக்கே வருகின்றன. இதய மாத்திரைகள் வேறிடத்தில் வாங்கப்படுகின்றன. இரண்டையும் ஒரே பையில் இட்டு, ஒவ்வொரு முறையும் முழுப் பையையும் கொண்டுவாருங்கள். அவசர மாத்திரை எங்கே இருக்கிறது என்பது நோயாளிக்கு மட்டும் தெரிந்தால் போதாது. வீட்டில் இருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

விளாத்திகுளம் பக்கத்துப் பெரியவருக்கு நாங்கள் புதிய மருந்து எதுவும் எழுதவில்லை. துடிப்புப் பதிவில் மாற்றமில்லை என்பதை உறுதிசெய்து, இரவு மாத்திரையைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றினோம். அவருக்குக் கைக்கடிகாரம் கட்டும் வழக்கமில்லை. "மூணு மணிக்கு இவுகளுக்கு நான் காப்பி போடுவேன். டம்ளரோட மாத்திரையையும் சேத்தே வச்சிருதேன்" என்றார் அவர் மனைவி. மூன்று வாரம் கழித்து வந்தபோது அவர் கண்மாய்க் கரையைக் கடந்து, மறுபுறத்துக் காட்டுக் கோயில் வரை நடந்துவிட்டு வந்ததைச் சொன்னார். சற்று இழுத்தது, ஆனால் நிற்கவில்லை என்றார். காப்பியில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டோம். மனைவி பதில் சொல்லாமல் அவரைப் பார்த்தார்.